கரி அள்ளியவரின் கடல்: ஜார்ஜ் கேரெட்டை லிவர்பூல் மீட்டெடுத்த வரலாறு

1900 முதல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமிகளிடம் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். கப்பலின் பெயர், ஏறிய நாள், இறங்கிய நாள், பார்த்த வேலை எல்லாம் அதில் வரிசையாகப் பதிவாகும். கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்று வேலைத்திறனுக்கு, மற்றொன்று நடத்தைக்கு. பயணம் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் அந்தக் கட்டங்களில் முத்திரை விழும். ‘மிக நன்று’ என்று விழுந்தால் அடுத்த கப்பல் கிடைக்கும். ‘கருத்துச் சொல்ல மறுக்கிறேன்’ என்று விழுந்துவிட்டால், பிறகு எந்தத் துறைமுகத்திலும் அந்த ஆளை எடுக்கத் தயங்குவார்கள். என்ன தவறு செய்தார் என்று ஒரு சொல்கூட அதில் இருக்காது. ஒரு மனிதரின் கடல் வாழ்க்கை முழுவதும் பிறர் குத்திய முத்திரைகளாகத்தான் மிஞ்சும்.

தன் வாழ்க்கை அப்படி மிஞ்சிவிடக் கூடாது என்று தானே பேனா எடுத்தவர் ஜார்ஜ் கேரெட். 1896இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றின் அக்கரையிலுள்ள சீகோம்பில் பிறந்தார். கப்பலில் கரி அள்ளினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வேலையற்றோர் இயக்கத்தில் முன்நின்றார். சிறுகதை, நாடகம், கட்டுரை, தன்வரலாறு எல்லாம் எழுதினார். 1930களில் இங்கிலாந்தின் முக்கியமான இலக்கிய இதழ்கள் அவர் எழுத்தை வெளியிட்டன. 1966இல் அவர் இறந்தபோது அவர் பெயரில் ஒரு நூல்கூட அச்சில் இல்லை.

அவரை மீட்டவர்கள் அவர் ஊர்க்காரர்கள். எழுத்துப் பட்டறைகளிலும் ஆவணப் பட்டறைகளிலும் கூடி உட்கார்ந்து, தாள் தாளாகப் பிரித்துப் படித்து, அவரை நூலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலாளி எழுத்தாளர் ஒருவர் ஏன் மறக்கப்படுகிறார், அவரை மீட்க எத்தகைய வாசகர்கள் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கேரெட்டின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

உலை முகத்தில் நான்கு மணி நேரம்

கேரெட் எங்கிருந்து எழுதினார் என்பதை அறிய, கப்பலின் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். அவர் கரி அள்ளிய கப்பல்களில் ஒன்று ‘மாரிடேனியா’. கியூனார்டு நிறுவனத்தின் இந்தப் பயணிகள் கப்பல் 1907இல் முதல் பயணம் புறப்பட்டது. அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்த கப்பல் என்ற பெருமையை 1909 முதல் இருபது ஆண்டுகள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வேகத்தைக் கொடுத்தவை 25 கொதிகலன்கள், 192 உலைகள். நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் நிலக்கரி தேவைப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் அது எண்ணெய்க்கு மாற்றப்படும்வரை, அத்தனை கரியும் மனிதக் கைகளால்தான் உலைக்குள் போயிற்று.

கரிக்கிடங்கிலிருந்து கரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுபவர் டிரிம்மர். அதை மண்வாரியால் அள்ளி உலையில் வீசுபவர் ஃபயர்மேன். நீராவி ரயில் ஓடிய காலத்தில் நம் ஊரிலும் வழங்கிய அதே பெயர்தான். அள்ளிப் போட்டால் மட்டும் வேலை முடியாது. நீளமான இரும்புக் கம்பியை உலைக்குள் செலுத்தி, இறுகிப்போன கரிப்பாளத்தை அடியிலிருந்து நெம்பி உடைக்க வேண்டும். சாம்பலை வாரி வெளியே இழுக்க வேண்டும். பெரிய கப்பல்களில் எந்த உலையை எப்போது திறக்க வேண்டும் என்று எண்காட்டி மணியடிக்கும் கருவி ஒன்று இருந்தது. உடலின் களைப்பைக் கேட்காமல் அந்த மணிதான் வேலையின் தாளத்தை வகுத்தது. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். கடல் கொந்தளிக்கும்போது, ஆடும் தளத்தில் கால் ஊன்றி நின்றுகொண்டு, திறந்த உலையின் வாயை எதிர்கொள்ள வேண்டும்.

கடல் இலக்கியம் என்று உலகம் கொண்டாடியதில் பெரும்பகுதி மேல்தளத்திலிருந்து எழுதப்பட்டது. அங்கே புயல் உண்டு, விண்மீன் உண்டு, கேப்டனின் தனிமை உண்டு. கீழே உலைக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கடல் கண்ணிலேயே படாது. கேரெட்டின் ‘தி மாரி’ என்ற எழுத்து, மாரிடேனியாவை அதன் உலைக்கூடத்திலிருந்து காட்டுகிறது. தலைப்பே மாலுமிகள் அந்தக் கப்பலுக்கு இட்ட செல்லப்பெயர். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ’நீல் 1922இல் ஒரு ஃபயர்மேனை நாயகனாக்கி ‘தி ஹேரி ஏப்’ நாடகத்தை வெளியிட்டார். அதற்கு உந்துதலானவர் அவர் நியூயார்க்கில் பழகிய டிரிஸ்கால் என்ற லிவர்பூல் ஃபயர்மேன். ஓ’நீலும் கடலோடியவர்தான். ஆனாலும் அவர் நாடகத்தில் ஃபயர்மேன் மனிதகுலத்தின் அவலத்துக்கு ஒரு குறியீடாக உயர்கிறார். கேரெட்டிடம் ஃபயர்மேன் கூலியும் குடும்பமும் முதுகுவலியும் உள்ள ஆளாகவே நிற்கிறார். இந்த வேறுபாடு சிறியதன்று.

எழுதப் பிறந்தவரும் எழுத விடாத வாழ்க்கையும்

பதின்வயதில் கேரெட் களவாகக் கப்பலேறி அர்ஜென்டினா போனார். அங்கே ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தார். முதல் உலகப்போரில் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தார். அவர் இருந்த கப்பல் ஒன்று டார்பிடோ தாக்கி ஏழே நிமிடத்தில் மூழ்கியது. போர் முடிந்ததும் கப்பல் தொழில் சரிந்தது. வேலையற்ற மாலுமிகளும் திரும்பிவந்த சிப்பாய்களும் லிவர்பூல் தெருக்களில் நிறைந்தார்கள்.

1921 செப்டம்பரில் அந்நகரின் வேலையற்றோர் ஊர்வலமாகச் சென்று வாக்கர் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. கேரெட் அந்தப் போராட்டத்தின் உள்ளிருந்தவர். அந்த நாள்களை அவர் எழுதிய ‘லிவர்பூல் 1921-1922’ இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு மூல ஆவணம். அடுத்த ஆண்டு லண்டனை நோக்கி நாடு தழுவிய முதல் பசிநடைப் பயணம் புறப்பட்டபோது லிவர்பூல் அணியோடு அவரும் நடந்தார். அதையும் எழுதினார். பிறகு அமெரிக்கா போய்ச் சில ஆண்டுகள் நியூயார்க்கிலும் பிற இடங்களிலும் வேலை பார்த்தார். ‘வாப்ளிஸ்’ என்று அழைக்கப்பட்ட உலகத் தொழில் உழைப்பாளர் சங்கத்தின் தாக்கம் அவருக்குள் ஆழமாக இறங்கியது. 1920களில் மூன்று நாடகங்கள் எழுதினார். லிவர்பூல் திரும்பியபின் அந்நகரின் யூனிட்டி நாடகக்குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார்.

1930களில் ‘அடெல்ஃபி’, ‘நியூ ரைட்டிங்’ ஆகிய இதழ்களில் அவர் கதைகள் வந்தன. சிலவற்றுக்கு ‘மேட் லோ’ என்ற புனைபெயர் வைத்துக்கொண்டார். மாலுமியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அந்தப் பெயருக்குள் இருக்கிறது. தன் பெயரை மறைத்தபோதும் தன் தொழிலை அவர் மறைக்கவில்லை.

அவர் கூர்மையான விமரிசகரும்கூட. ஜோசப் கான்ராட் 1897இல் வெளியிட்ட நாவல் ஒன்று, பம்பாயிலிருந்து லண்டனுக்குச் செல்லும் ‘நார்சிஸஸ்’ கப்பலைப் பற்றியது. அதில் டான்கின் என்றொரு மாலுமி வருகிறான். உரிமை பேசுவான், வேலைக்கு ஒளிவான். வாசகர் வெறுக்கும்படியே கான்ராட் அவனைப் படைத்திருக்கிறார். கேரெட் அந்த நாவலை ஃபயர்மேனின் கண்ணால் படித்தார். கேப்டன் சான்றிதழ் பெற்ற கான்ராட் அதிகாரியின் இடத்திலிருந்து பார்க்கிறார் என்றார். கிழிந்த உடையோடு கப்பலேறும் டான்கினுக்கு நியாயமான குறைகள் இருந்தன என்று வாதிட்டார். டான்கின்கள் ஒருநாள் கடலின் கதையை எழுதக்கூடும் என்ற நம்பிக்கையையும் வெளியிட்டார். ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ பற்றிய அவருடைய கட்டுரை, அதன் நாயகன் பிராஸ்பரோவை ஏமாற்றுக்காரன் என்று தலைப்பிலேயே சாடுகிறது. இலக்கியத்தின் உச்சியில் இருப்பவர்களோடு சரிக்குச் சரியாக வாதாடும் இந்தத் துணிவு, நூலகத்தில் தானே படித்துத் தேறிய ஒரு மனிதரின் துணிவு.

இப்படிப்பட்டவர் ஏன் பெரிய நூல் எதுவும் வெளியிடவில்லை? 1936 பிப்ரவரியில் லிவர்பூல் வந்த ஜார்ஜ் ஆர்வெலின் நாட்குறிப்பு இதற்குப் பாதி விடை தருகிறது. ‘தி ரோடு டு விகன் பியர்’ நூலுக்காக வடக்கு இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஆர்வெல், டைனர் என்ற தம்பதியரின் வீட்டுக்கு உடல்நலமின்றி வந்து சேர்ந்தார். அங்கே கேரெட்டைச் சந்தித்தார். அவர்தான் ‘மேட் லோ’ என்று முன்பே தெரிந்திருந்தால் முன்பே தேடி வந்திருப்பேனே என்று வருந்தும் அளவுக்கு வியப்படைந்தார். கேரெட் அவரைத் துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். ஒரு பழக்கப்பலில் சரக்கு இறக்கச் சுமார் 200 பேர் வளையமாகக் காத்து நின்றார்கள். இன்னும் பத்துப் பேர்தான் வேண்டும். ஆள் பிடிப்பவர் வளையத்தைச் சுற்றி நடந்து, மாட்டுச் சந்தையில் மாடு பொறுக்குவதுபோல் தோளைப் பற்றி ஒவ்வொருவராக இழுத்ததை ஆர்வெல் பதிவுசெய்தார்.

ஆறு ஆண்டுகளில் கேரெட்டுக்குக் கிடைத்த வேலை சுமார் ஒன்பது மாதம்தான் என்றும், கம்யூனிஸ்ட் என்பதால் எங்கும் அவரைச் சேர்ப்பதில்லை என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. தன்வரலாறு எழுதும்படி ஆர்வெல் வற்புறுத்தினார். இரண்டு அறை, மனைவி, பல குழந்தைகள், அரசின் உதவிப்பணம் என்ற நிலையில் நீண்ட நூலுக்கு உட்கார கேரெட்டால் முடியவில்லை. சிறுகதைதான் முடிந்தது. அவர் எந்த வடிவத்தில் எழுதலாம் என்பதை வீட்டின் பரப்பளவே முடிவுசெய்தது.

கணவர் எழுதுவது மனைவிக்குப் பிடிக்கவில்லை போலும் என்றும் ஆர்வெல் எழுதுகிறார். வெளியிலிருந்து வந்தவரின் ஊகம் அது. இரண்டு அறைக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வாடகைக்கு வழிதேடும் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வரிக்கு வேறு பொருள் வரும். ஆர்வெலைப் படிப்பவர்கள் இந்த வரியில் நிற்பதில்லை. அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர் கட்டாயம் நிற்பார்.

கேரெட் தன்வரலாற்றை எழுதத்தான் செய்தார். பெயர் ‘டென் இயர்ஸ் ஆன் தி பாரிஷ்’. பாரிஷ் என்பது வட்டார ஏழைகள் நிவாரணம். அந்த வாசலில் ஒரு குடும்பம் கழித்த பத்து ஆண்டுகளின் கதை அது. உதவி கேட்டு நிற்கும் வரிசை, விசாரணை அதிகாரியின் கேள்விகள், அதற்குள்ளும் விட்டுக்கொடுக்காத தன்மானம் எல்லாம் அதில் உண்டு. அவர் வாழ்நாளில் அது நூலாகவில்லை. முப்பதுகளின் இறுதிக்குப் பிறகு அவர் கதைகளும் அச்சில் அருகிப்போயின. 1968இல் ஆர்வெலின் நாட்குறிப்பு தொகுப்பில் வெளிவந்தபோது, ஆர்வெல் வழியில் சந்தித்த ஓர் ஆள் என்ற அளவில் கேரெட் உலகுக்குத் தெரியவந்தார். பேனா பிடித்தவர் வேறொருவரின் பேனாவில் அடிக்குறிப்பாக எஞ்சினார்.

பட்டறைகள் செய்த வேலை

1970களில் பிரிட்டனின் தொழிலாளர் வட்டாரங்களில் எழுத்துப் பட்டறைகள் தோன்றின. லிவர்பூலின் ஸ்காட்லாந்து ரோடு, லண்டனின் ஹேக்னி, பிரைட்டன் என்று பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை கூடினார்கள். எழுதியதை வாசித்தார்கள், சேர்ந்து திருத்தினார்கள், தாங்களே அச்சிட்டார்கள். 1976இல் இந்தக் குழுக்கள் தொழிலாளர் எழுத்தாளர்கள் மற்றும் சமூகப் பதிப்பாளர்கள் கூட்டமைப்பாக இணைந்தன. அவர்கள் மானியம் கேட்டபோது நாட்டின் கலை மன்றம் மறுத்தது. சொன்ன காரணம் இலக்கியத் தரம். யாருடைய எழுத்து இலக்கியம் என்பதை யார் தீர்ப்பது என்ற வாதம் அப்போது வெளிப்படையாக நடந்தது.

கேரெட் நூல்வடிவம் பெற்றது இந்தச் சூழலில்தான். 1982இல் ‘அவுட் ஆஃப் லிவர்பூல்’ என்ற பெயரில் அவர் கதைகள் சிறு தொகுப்பாக வந்தன. அவரோடு யூனிட்டி நாடகக்குழுவில் இருந்த ஜெர்ரி டாசன் போன்றவர்கள் அவர் நினைவைக் காத்தவர்கள். தங்களுக்கு முன்பே தங்கள் தெருவில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது பட்டறைக்காரர்களுக்குப் பெரிய தெம்பாக இருந்திருக்க வேண்டும். முன்னோடி இல்லாதவர் எழுதுவதற்கும் முன்னோடி உள்ளவர் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. 1999இல் மைக்கேல் மர்ஃபி பதிப்பித்த ‘தி கலெக்டட் ஜார்ஜ் கேரெட்’ கதைகளையும் கட்டுரைகளையும் ஒரே நூலாக்கியது.

அடுத்த கட்டம் 2010களில். லிவர்பூலின் சமூக இலக்கிய அமைப்பான ‘ரைட்டிங் ஆன் தி வால்’, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கேரெட் ஆவணத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்தார் காத்துவைத்திருந்த தட்டச்சுப் பிரதிகளும் கடிதங்களும் அதற்கு அடிப்படை. தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். இத்தகைய வேலை எளிதன்று. கலைந்து கிடக்கும் தாள்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒரே கதையின் இரண்டு மூன்று பிரதிகளில் எது முந்தியது என்று கண்டுபிடிக்க வேண்டும். மங்கிய எழுத்தைப் படித்துப் படியெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் விவரமும் எழுதி அட்டவணையில் ஏற்ற வேண்டும். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 2017இல் லிவர்பூல் பல்கலைக்கழகப் பதிப்பகம் ‘டென் இயர்ஸ் ஆன் தி பாரிஷ்’ நூலை வெளியிட்டது. ‘நியூ ரைட்டிங்’ ஆசிரியர் ஜான் லீமனுக்கும் கேரெட்டுக்கும் இடையிலான கடிதங்களும் அதில் இணைந்தன. பதிப்பித்தவர்கள் மைக் மாரிஸ், டோனி வெய்லி, ஆண்ட்ரூ டேவிஸ். இவர்களில் வெய்லி கடலில் வேலை பார்த்துப் பின் வரலாற்றாசிரியர் ஆனவர். ஆர்வெல் எழுதச் சொல்லி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அந்த நூல் வாசகர் கைக்கு வந்தது.

ஊரார் ஏன் தேவை?

இந்த வேலையை நான்கு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக அறைக்குள் செய்திருக்க முடியாதா? அட்டவணை போட்டிருப்பார்கள். ஆனால் தொழிலாளியின் எழுத்துக்குள் அகராதியில் முழுதாக அடங்காத அறிவு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. அந்தக் காலத்து மாலுமிகளின் பேச்சில் ‘கழுதையின் காலைச் சாப்பாடு’ என்றொரு பொருள் உண்டு. வைக்கோல் திணித்த மெத்தையைத்தான் அப்படிச் சொன்னார்கள். மெத்தை, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் மாலுமியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு கப்பலேற வேண்டும். ‘துறைமுனைத் தாவல்’ என்றும் ஒன்று உண்டு. கப்பல் புறப்படும் கடைசி நேரத்தில், யாரோ வராமல் போன இடத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தாவி ஏறுவது. அகராதி இதன் பொருளைச் சொல்லும். வீட்டில் சொல்லாமல் போன கணவரின் பணம் கைக்கு வரும்வரை கடைக்காரரிடம் என்ன சொல்லிச் சமாளித்தார்கள் என்பது, மாலுமி வீட்டில் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது கேரெட்டின் ஒரு வரி திறந்துகொள்கிறது. பட்டறையின் உண்மையான பயன் இதுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஊரார் கையில் எழுத்தாளர் எளிதில் சிலையாகிவிடுவார். அவருடைய தோல்விகளும் முரண்களும் மறைந்து வீரக்கதை மட்டும் நிற்கும். அதைத் தடுப்பது ஆவணத்தின் கண்டிப்பு. பிரதியில் இருப்பது இருக்கிறபடியே படியெடுக்கப்பட வேண்டும் என்ற விதி அன்பையும் கட்டுப்படுத்தும். பல்கலைக்கழகத்திடம் அலமாரியும் முறைமையும் இருக்கின்றன. ஊரிடம் நினைவும் அக்கறையும் இருக்கின்றன. லிவர்பூலில் இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்தன. ஒன்று மட்டும் இருந்திருந்தால் கேரெட் இன்று இந்த அளவுக்குப் படிக்கக் கிடைத்திருக்க மாட்டார்.

கேரெட் மறக்கப்பட்டதற்குத் திறமைக்குறைவு காரணமன்று. வேலையின்மை, இட நெருக்கடி, அரசியல் புறக்கணிப்பு, இரண்டாம் உலகப்போரால் சிதறிய இலக்கிய உலகம் ஆகியவை சேர்ந்து ஒரு பெரிய எழுத்தாளரைச் சிறுகதைகளோடு நிறுத்தின. அந்தக் காரணங்களைப் பெயர் சொல்லி எழுதாத இலக்கிய வரலாறு முழுமையான வரலாறு ஆகாது.

நம் வீட்டுப் பெட்டிகள்

கேரெட் காலத்து பிரிட்டிஷ் கப்பல்களின் உலைக்கூடங்களில் இந்திய மாலுமிகளும் ஆயிரக்கணக்கில் கரி அள்ளினார்கள். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு வெள்ளை மாலுமிகளைவிட மிகக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டது. அவர்கள் தங்கள் கையால் எழுதிய பதிவுகள் மிக அரிது.

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சின்னப் புத்தகத்தின் வாரிசு இன்றும் இருக்கிறது. தூத்துக்குடியிலும் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலும் கப்பலுக்குப் போனவர்கள் வீட்டில் அதை ‘சிடிசி’ என்பார்கள். எந்தக் கப்பல், எந்த நாள் ஏறினார், எந்த நாள் இறங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கங்களுக்கு இடையில் நடந்தது அதில் இருக்காது. அது கடிதங்களிலும், பழைய டைரிகளிலும், திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைகளிலும் இருக்கிறது. வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போவதும் அவைதாம்.

உங்கள் குடும்பத்தில் கடலோடியவர் இருந்தால், அவருடைய பெட்டியை எடைக்குப் போடுவதற்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். உயிரோடு இருந்தால் அவரை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரியிலோ அதை ஒப்படையுங்கள். கேரெட்டின் தாள்களை அவர் குடும்பம் பல பத்தாண்டுகள் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.